தட்டியில் கட்டிய வேப்பிலை

அவள் பெயரைச் சொல்லமாட்டேன். மறந்துபோய்விட்டது என்று நினைக்க வேண்டாம். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் வாயில் வரும். ஆனால் எழுத்தில் வைக்கப் பயம். நான் கல்யாணமாகி கீழ்பென்னாத்தூருக்கு வந்து, தையல் மிஷின் போட்டு, என் மகள் பள்ளிக்கூடம் போகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. எங்கள் காலனி எது என்பதையும் கேட்காதீர்கள். திருவண்ணாமலையில் மலை சுற்றும் பாதையில், அடி அண்ணாமலைக்கு முன்னாலோ பின்னாலோ, ரோட்டை ஒட்டி நாற்பது வீடு. அவ்வளவு போதும்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அவளும் நானும் ஒரே வயசு, ஒரே வகுப்பு, பக்கத்துப் பக்கத்து வீடு. ஆனால் அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் என்ன சொல்லிப் பயமுறுத்தினாலும், “அப்புறம்?” என்று கேட்பாள். திமிராகக் கேட்கமாட்டாள். கதை கேட்கிற குழந்தை மாதிரி, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்பாள்.

பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு புளியமரம். உச்சி வெயிலில் அதன் கீழே போனால் தூக்கு மாட்டிக்கொண்டவள் பிடித்துக்கொள்வாள் என்று நான் அரை மைல் சுற்றிக்கொண்டு போவேன்.

“புடிச்சி?” என்றாள்.

“புடிச்சி, தலைய விரிச்சிப் போட்டு ஆட வச்சிருவாடி.”

“அப்புறம்?”

“அப்புறம் பூசாரி வந்து வேப்பிலையால அடிப்பாரு.”

“அப்புறம்?”

“அப்புறம்... எறங்கிப் போயிரும்.”

“அவ்ளோதானே? வாடி” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக மரத்தடியில் நடந்தாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் போனேன். ஒன்றும் பிடிக்கவில்லை.

எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார், “வீட்டுப்பாடம் எழுதாதவங்களுக்கு ஆளுக்கு ரெண்டு அடி” என்றார். இவள் எழுந்து, “அப்புறம் சார்?” என்றாள். ரெண்டு ஆறாயிற்று. உள்ளங்கை வீங்கி உட்கார்ந்தவள் என் காதில், “ஆறோட நிறுத்திட்டாரு பாத்தியா? அதுக்கு மேல அவருகிட்ட இல்ல” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவள் ஒருநாள் இதையே கேட்கக்கூடாத ஆளிடம் கேட்கப்போகிறாள் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

ஏன்டி இப்படிக் கேட்கிறாய் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“பாதி தெரிஞ்சாதான்டி வயித்தக் கலக்குது. கடசி வரைக்கும் கேட்டுட்டா படுத்துத் தூங்கலாம்” என்றாள்.

நாங்கள் பத்தாவதோடு நின்று வீட்டில் இருந்த வருஷங்களில்தான் பௌர்ணமிக் கூட்டம் ஒரேயடியாகப் பெருகியது. மெட்ராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். டீக்கடை வந்தது, இளநீர் வந்தது, கற்பூரம் விற்றார்கள், மோர் ஊற்றினார்கள். நடக்கிற பெண்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆண்கள் ரோட்டோரம் திரும்பி நின்றுகொள்வார்கள். பெண்கள்? பதினாலு கிலோமீட்டரும் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

எங்கள் பாடு அதைவிட மோசம். காலனிக்கும் ரோட்டுக்கும் நடுவே இருந்த புறம்போக்கில் முள்ளுப்புதர் மண்டிக்கிடந்தது. நாங்கள் ஒதுங்குகிற இடம் அதுதான். பௌர்ணமியன்று அங்கே முன்பின் தெரியாத ஆண்கள் நுழைந்துவிடுவார்கள். அதனால் அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே காலனிப் பெண்கள் தண்ணீர் குடிக்கமாட்டோம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தொண்டை காய்ந்தாலும் சொம்பைத் தொடமாட்டோம்.

ஒரு பௌர்ணமிச் சாயங்காலம், பட்டுப்புடவை கட்டிய அம்மா ஒருத்தி காலனி முனையில் வந்து நின்றாள். வியர்த்து ஒழுகியது. வாயைத் திறக்கிறாள், சொல் வரவில்லை. நான் என்னவோ ஏதோ என்று உள்ளே ஓடினேன். இவள்தான் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, அவளைத் தன் வீட்டுப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மறைப்பு கிடையாது. தன் தாவணியை அவிழ்த்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பி நின்றாள். எழுந்து வந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தாள். காலனித் தண்ணீர் என்று அந்த அம்மா குடிக்கவில்லை. ஆனால் அழுதுகொண்டே இவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இவள் ராத்திரி முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். “தண்ணி வாணாமாம், கை வேணுமாம். நல்லாருக்குதுடி கதை.”

மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டாள். புறம்போக்கில் முள்ளை வெட்டி இரண்டு குழி. மேலே பலகை. சுற்றிலும் தென்னங்கீற்றுத் தட்டி. தண்ணீருக்கு எங்கே போவது? காலனிக்கே ஒரு குழாய்தான். அதற்கு அவள் கண்டுபிடித்த வழி அடுப்புச் சாம்பல். வீட்டுக்கு வீடு போய்ச் சாம்பலைக் கோணியில் சேர்த்தாள். உள்ளே போய் வருகிறவர்கள் ஒரு கொட்டாங்கச்சிச் சாம்பல் போட்டுவிட்டு வர வேண்டும். வெளியூர்ப் பெண்களுக்கு ஒரு ரூபாய், காலனிப் பெண்களுக்குச் சும்மா. சாம்பல் கொடுத்த வீடுகளுக்கு வருமானத்தில் பங்கு.

எதிர்ப்பு முதலில் எங்கள் ஆட்களிடமிருந்துதான் வந்தது. என் நைனா, அதாவது என் அப்பா, கோபமே வராத மனுஷன். அவரே வாசலில் நின்று கத்தினார்.

“பீ அள்ற வேலைக்கி நம்மளக் கூப்புடக்கூடாதுன்னுதான் ஒங்கள எல்லாம் படிக்க வச்சோம். நீயே தேடிக்கினு போறியே, உனுக்கு வெக்கமா இல்ல?”

அவள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். “அள்ள மாட்டேன் மாமா. மூடுவேன். ஒண்ணு நெறஞ்சா மண்ணப் போட்டு மூடிட்டு அடுத்தது வெட்டுவேன். இந்தக் கையி ஒருநாளும் அள்ளாது.”

நைனா போய்விட்டார். மறுநாள் எங்கள் அடுப்புச் சாம்பலை அவரே கொண்டுபோய்க் கொட்டினார்.

முதல் பௌர்ணமிக்கு ஐம்பது பேர் இருக்கும். இரண்டாவதுக்கு வரிசை நின்றது. அதற்குள் மாந்தோப்புக்காரர் காதுக்குப் போய்விட்டது. ஊரில் பெரிய கை அவர். எங்கள் காலனியில் பாதிப் பேருக்கு அவர் தோப்பிலும் கழனியிலும்தான் வேலை. என் நைனா அங்கே தண்ணீர் கட்டுகிறவர். ஒருநாள் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்.

“சாமி நடக்கிற பாதை. அசிங்கம் பண்ணாத. ஆள வுட்டுப் பிரிச்சிருவேன்.”

“பிரிச்சி? அப்புறங்க?” என்றாள் இவள்.

அவர் பார்த்தார். இவளை அல்ல, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

இனி சொல்லப்போவது என் தப்பு. இதை இதுவரை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

மூன்றாவது பௌர்ணமிக்கு ஈ மொய்த்தது. வாடையும் கொஞ்சம் வந்தது. எனக்குத்தான் யோசனை வந்தது. வேப்பமரத்தில் ஏறிக் கொத்துக் கொத்தாக ஒடித்து வந்து, தட்டியின் வாசலில் இரண்டு பக்கமும் தோரணமாகக் கட்டினேன். வீட்டில் அம்மை போட்டால் அப்படித்தானே கட்டுகிறோம், ஈ வராதே. அத்தோடு விட்டேனா? பெண்கள் இடம் என்று தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று என் பழைய சிவப்புத் தாவணியைக் கிழித்து மூங்கிலில் கட்டினேன். அவள் பார்த்துவிட்டு, “கல்யாண ஊடு மாதிரி இருக்குதுடி” என்றாள். எனக்கு ஒரே பெருமை.

விடிகிற நேரம். அவள் சாம்பல் எடுத்து வர வீட்டுக்குப் போயிருந்தாள். வாசலில் நான் மட்டும். வெளியூர்ப் பாட்டியம்மா ஒருத்தி வந்தாள், வேப்பிலையைப் பார்த்தாள், சிவப்புத் துணியைப் பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் குங்குமம் எடுத்து மூங்கிலில் வைத்தாள். கற்பூரம் ஏற்றினாள்.

“என்ன அம்மன்மா இது?” என்று என்னைக் கேட்டாள்.

சாமி இல்லை, கக்கூஸ் என்று சொல்ல வேண்டியதுதானே? வரவில்லை. அதற்குள் பின்னால் வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். ஒருத்தி எலுமிச்சம்பழம் வைத்தாள். ஒருத்தி பூ வைத்தாள். ஏழெட்டுப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நான் கல்லாக நிற்கிறேன்.

அவள் சாம்பல் கூடையோடு வந்தாள். ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. கூடையை இறக்கிவைத்து, “அம்மா, மன்னிச்சிக்கோங்க. இது சாமி இல்லீங்க. பொம்பளைங்க ஒதுங்கற எடம்” என்றாள். ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். பாட்டியம்மா, “அட போம்மா, இதுவும் புண்ணியந்தான்” என்றாள். ஆனால் ஒருத்தி காறித் துப்பிவிட்டு, ரோட்டில் போகிறவர்கள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். வெயில் ஏறுவதற்குள் விஷயம் ஊருக்குள் போய்விட்டது. காலனிப் பெண்கள் கக்கூசுக்கு வேப்பிலை கட்டி, சாமி என்று சொல்லிக் கற்பூரம் காட்ட வைத்தார்களாம்!

பத்து மணிக்குத் தட்டி எரிந்தது. யார் வைத்தது என்று எங்களுக்குத் தெரியும். யாரும் பெயரைச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் காலனி முனையில் இரண்டு பேர் வண்டியை நிறுத்திவிட்டு நின்றார்கள். பேசவில்லை, திட்டவில்லை. எங்கள் கூரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதுதான் தாங்கவில்லை. பெண்கள் ரேஷன் கார்டையும் பிள்ளைகள் சர்டிபிகேட்டையும் மூட்டை கட்டி வாசலிலேயே வைத்துக்கொண்டார்கள். பிறகு தலையாரி வந்து சொன்னான். நாளை காலை பத்து மணிக்கு அரசமரத்தடியில் பஞ்சாயத்து. அவள் வர வேண்டும். வராவிட்டால் காலனிக்கே வேலை கிடையாது.

அவள் வீட்டுக்கு ஓடினேன். அவளும் அவள் அம்மாவும்தான் அந்த வீட்டில். அப்பா இல்லை.

“வேப்பில கட்டுனது நான்தானேடி. நானே சொல்லிடட்டுமா?”

“சொல்லி?”

“ஒன்ன வுட்டுருவாங்க.”

“அப்புறம்?”

அதையும் அவளே சொன்னாள்.

“ஒங்க நைனா அவரு தோப்புல வேல செய்யறாரு. ஒங்களுக்கு அடுத்த வேள கஞ்சியே அதுலதான். எனுக்கு என்னா போவப்போவுது? வுட்டுத் தள்ளு” என்றாள்.

நான் அழுதேன், மாட்டேன் என்றேன், எல்லாம் செய்தேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. என்ன ஜென்மம் நான்.

மறுநாள் காலையில் அவள் உதடெல்லாம் வெளுத்திருந்தது. நான்தான் வற்புறுத்தி ஒரு சொம்புத் தண்ணீரைக் குடிக்க வைத்தேன். முழுசும் குடித்தாள். வெளிர்நீலப் பாவாடை கட்டியிருந்தாள், பொங்கலுக்கு எடுத்தது.

பத்து மணி என்றவர்கள் பதினொன்றரைக்குத்தான் வந்தார்கள். ஆண்கள் மரத்தடி நிழலில் உட்கார்ந்தார்கள். அவளை வெயிலில் நிற்க வைத்தார்கள். காலனி ஜனம் நாங்கள் அவளுக்குப் பின்னால், முப்பது அடி தள்ளி. நான் அதிலும் கடைசியில், என் அம்மா முதுகுக்குப் பின்னால். அம்மாவுக்குத் தெரியும். “வாயத் தொறந்த, கொன்னுருவேன்” என்று என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

யார் யாரோ பேசினார்கள். சாமி குத்தம் என்றார்கள். மழை வராது என்றார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. அவள் அசையாமல் நின்றாள். அப்புறம்தான் தோப்புக்காரர் வாயைத் திறந்தார்.

“எவடி வேப்பில கட்டுனவ?”

“நான்தாங்க.”

அம்மா பிடி இறுகியது.

“விழு.”

விழுந்தாள். மண்ணில் நெற்றி பட விழுந்து எழுந்தாள். “அப்புறங்க?” என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

“அந்தக் குழியத் தூத்துடணும்.”

“தூத்துடறேங்க. அப்புறம்?”

“பௌர்ணமியன்னிக்கி அந்தப் பொறம்போக்குல ஒன் தல தெரியக்கூடாது.”

“சரிங்க. அப்புறம்?”

“என்னாடி அப்புறம் அப்புறம்னு!” என்று ஒருவன் பாய்ந்து எழுந்தான். பக்கத்தில் இருந்தவன் பிடித்து உட்கார வைத்தான். தோப்புக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். அவரிடம் அதற்கு மேல் இல்லை. கணக்கு வாத்தியாரின் ஆறாவது அடி எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் இவரிடம் இல்லாததை மற்றவர்கள் வைத்திருப்பார்களே. யாராவது இன்னும் ஒன்று சொல்லிவிடுவார்களோ என்று அம்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். வெளிர்நீலப் பாவாடை பின்னால் கறுத்து நனைந்திருந்தது. கணுக்கால் வழியாக இறங்கி, அவள் பாதத்தைச் சுற்றி மண் ஈரமாகிக்கொண்டிருந்தது. அவர்கள் முன்னால் இருந்தார்கள், அவர்களுக்குத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்தது.

“போ” என்றார் தோப்புக்காரர்.

அவள் திரும்பினால் அத்தனை ஆண்களும் பார்ப்பார்கள். சிரிப்பார்கள். அப்புறம் ஆயுசுக்கும் அவளுக்கு அதுதான் பெயர். அவள் நகராமல் நின்றாள். அவளுக்கும் அது தெரிந்திருக்கிறது.

எப்படி அம்மா பிடியிலிருந்து கையை உருவினேன் என்று தெரியவில்லை. வெட்டவெளியில் ஓடினேன். ஓடிப்போய் அவளுக்கும் ஆண்களுக்கும் நடுவே நின்றேன்.

“ஏய்! யாரு நீ?”

அவர்கள் கண் தரைக்குப் போகக்கூடாது. என் மூஞ்சியைப் பார்க்க வேண்டும். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“வேப்பில கட்டுனது நான்தாங்க. அவ இல்ல. ஒங்க தோப்புல தண்ணி கட்டறவரு பொண்ணுங்க நானு.”

எல்லாக் கண்ணும் என் மேல் வந்தது. ஆளாளுக்குக் கத்தினார்கள். தோப்புக்காரர், “நாளயிலருந்து ஒங்கப்பன் தோப்புப் பக்கம் வரவேணாம்னு சொல்லு” என்றார். அப்புறம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதெல்லாம் அவளால்தான் முடியும். அவள் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். நான் அவள் முதுகோடு முதுகு ஒட்டினாற்போல், ஆண்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தேன். காலனிப் பெண்கள் விலகி, எங்களை உள்ளே விட்டு, மறுபடி சேர்ந்துகொண்டார்கள்.

வீட்டுப் பின்னால் போய்க் கழுவிக்கொண்டு, அம்மாவின் புடவையைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“பாத்துட்டாங்களாடி?”

“ஒருத்தரும் பாக்கல.”

“நீ?”

“நானும் பாக்கல.”

என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள். அவள் அழுது அன்றுதான் பார்த்தேன்.

“பயம் இல்லன்னு நெனச்சியா? இருந்திச்சிடி. ஆனா பயத்துல வரலடி அது. போயிட்டு வரேன்னு ஒரு வார்த்த கேக்கணும். மூணு தடவ வாய் வரைக்கும் வந்துச்சி. அத்தன ஆம்பளைங்க முன்னால எப்படிக் கேக்கறது? அந்த ஒண்ணத்தான் கேக்க முடியல.”

சொம்புத் தண்ணீர் கொடுத்தவளே நான்தான். வீட்டில் நைனா காத்துக்கொண்டிருப்பார். வேலை போய்விட்டது. முந்தாநாள் எரிந்தது தட்டி, நாளைக்குக் கூரையாக இருக்கலாம். ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

“அப்புறம்?”

அவள் மூக்கைச் சிந்தினாள். தன் வீட்டுப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பட்டுப்புடவை அம்மாவுக்குத் தாவணியை விரித்துப் பிடித்த இடம் அது.

“பொறம்போக்குலதானே தல தெரியக்கூடாதுன்னாரு? இது எங்க ஊடு. எங்க ஊட்டுக் கொல்லையில நான் குழி வெட்டுனா யாரு கேக்கறது? ஒங்க ஊட்ல ஒண்ணு, எங்க ஊட்ல ஒண்ணு. வெளியூர்ப் பொம்பளைங்க காலனிக்குள்ள வரமாட்டாங்கன்னு நெனைக்கிறியா? அவசரம்னா வருவாங்கடி.”

வந்தார்கள். அடுத்த பௌர்ணமிக்கே வந்தார்கள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் நாங்கள் வாசலில் நின்றோம். ஆனால் அது பிறகு. மறுநாள் காலையில் எங்கள் வீட்டுப் பின்னால் கடப்பாரையை முதலில் எடுத்தது நான்தான். முதல் குத்து தப்பி, கல்லில் பட்டது. அவள் கல்லைப் பொறுக்கி அந்தப் பக்கம் போட்டாள்.